மெயில் சர்வர் ஆடிட் லாக்: எந்த நிகழ்வுக்கு எச்சரிக்கை மெயில் வைக்கலாம்?

சிப்காட்_ஐடி (கடலூர்)

வணக்கம். கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு ஐடி பார்க்கிறேன். சொந்த ஜிம்ப்ரா (மெயில் மென்பொருள்) சர்வர், நூற்றுச் சொச்சம் மெயில் கணக்குகள். முன்பு இருந்த வெண்டார் ஆடிட் லாக்கில் (யார் எப்போது நுழைய முயன்றார், அட்மின் என்ன மாற்றினார் என்று சர்வர் எழுதும் பதிவு) "ஆதென்டிகேஷன் ஃபெயில்டு" (லாகின் தோல்வி) என்று ஒரு வரி விழுந்தாலே முதலாளிக்கும் எனக்கும் மெயில் போகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். விளைவு, காலையில் இன்பாக்ஸைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை. முதலாளி அதையெல்லாம் நேராகக் குப்பைக்கு அனுப்ப ஒரு ஃபில்டர் போட்டுவிட்டார். இப்போது அவருக்குத் தெரிந்த ஏற்றுமதியாளர் ஒருவருக்கு வர வேண்டிய பணம் வேறு வங்கிக் கணக்குக்குப் போய்விட்டதாம். "நம்ம சர்வர்ல யாராவது நுழைஞ்சா எனக்கு உடனே தெரியணும்" என்கிறார். எதற்கு எச்சரிக்கை வைப்பது, எதை விடுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம்_நெட்

ஃபெயில்2பேன் (லாக்கில் தோல்விகளை எண்ணி அந்த ஐபியைத் தடை செய்யும் நிரல்) போடுங்க சார், வேலை முடிந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் சாஸ்ல் (மெயில் அனுப்பும் பக்கத்து லாகின்), டவ்காட் (மெயில் படிக்கும் பக்கம்) இரண்டுக்கும் தயாராக ஜெயில் (தடை விதி) இருக்கிறது, ஜிம்ப்ராவுக்கு ஒரு ஃபில்டர் எழுதிக்கொள்ளலாம். தடை செய்ததும் ஹூயிஸ் விவரமும் (அந்த ஐபி யாருடையது என்பது) லாக் வரிகளும் சேர்த்து மெயில் அனுப்பும் வசதியும் அதிலேயே உண்டு.

லாசுப்பேட்டை_லினக்ஸ்

ஃபெயில்2பேன் தேவைதான். ஆனால் அவர் கேட்டது அது இல்லை. இணையத்தில் மெயிலுக்கான 25, 587, 993 போர்ட் திறந்து வைத்திருக்கிற எந்த சர்வரையும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) இரவு பகலாகத் தட்டிக்கொண்டேதான் இருக்கும். தட்டுகிறவன் உள்ளே வரவில்லை, அதனால்தான் தோல்வி என்று லாக் சொல்கிறது. உங்கள் முதலாளிக்குத் தெரிய வேண்டியது உள்ளே வந்தவன் யார் என்பது. அவன் விட்டுச் செல்லும் வரியில் "ஃபெயில்டு" என்ற சொல்லே இருக்காது. ஃபிஷிங்கில் (போலி மெயில் காட்டி ஏமாற்றி) கடவுச்சொல்லை வாங்கிவிட்டான் என்றால் முதல் முறையிலேயே சரியாகப் போட்டு நுழைவான். உங்கள் வெண்டார் வைத்த ஸ்கிரிப்ட் அன்றைக்கு மட்டும் வாயே திறக்காது.

ஆகவே தோல்விகளை ஃபெயில்2பேன் கவனிக்கட்டும், மெயில் வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை தொகுப்பாகப் பார்த்தால் போதும். மெயில் வர வேண்டியவை என்னைப் பொறுத்தவரை இவ்வளவுதான்: இதுவரை வராத இடத்திலிருந்து வெற்றிகரமான லாகின், ஃபார்வர்டு முகவரியோ ஃபில்டர் விதியோ மாறுதல், அட்மின் கணக்கில் எந்த நடவடிக்கையும், ஒரே கணக்கிலிருந்து திடீரென்று வெளியே போகும் மெயில் குவிதல், அப்புறம் லாக் எழுதுவதே நின்றுபோதல். கடைசியை யாரும் நினைப்பதில்லை.

ஜிம்ப்ரா என்பதால் ஒன்று. தோல்விகளுக்கு அளவோடு எச்சரிக்கை வேண்டுமென்றால் புதிதாக ஸ்கிரிப்ட் எழுத வேண்டாம், ஆடிட்ஸ்வாட்ச் என்று அவர்களுடைய கருவியே இருக்கிறது. நான்கு விதமாக எண்ணும். 60 நொடிக்குள் ஒரே ஐபியிலிருந்து ஒரே கணக்குக்கு 10 தோல்வி, எந்த ஐபியாக இருந்தாலும் ஒரு கணக்குக்கு 15, ஒரு ஐபியிலிருந்து எந்தக் கணக்குக்கானாலும் 20, மொத்தமாக 1000. மொத்த எண்ணிக்கையை நடப்பில் உள்ள கணக்குகளில் 1 சதவீதம் என்கிற கணக்கில் மாற்றிக்கொள்ளச் சொல்கிறது அவர்களுடைய கையேடு. அது பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தும். நூறு கணக்கு உள்ள இடத்தில் 1 என்று வைத்தால் மறுபடி பழைய கதைதான்.

சிப்காட்_ஐடி (கடலூர்)

நன்றி சார். ஒரு சந்தேகம். எங்கள் ஆடிட் லாக்கில் பெரும்பாலான வரிகளில் ஐபி என்று எங்கள் சர்வரின் ஐபியே வருகிறது. அப்படியானால் புது இடம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லாசுப்பேட்டை_லினக்ஸ்

நல்ல வேளை, இப்போதே கேட்டீர்கள். முன்னால் ப்ராக்ஸி (இணைப்புகளை வாங்கி உள்ளே அனுப்பும் இடைநிலைச் சேவை) நிற்கிறது. மெயில்பாக்ஸ் பக்கம் இருந்து பார்த்தால் எல்லோரும் ப்ராக்ஸியிலிருந்து வருகிற மாதிரிதான் தெரியும். அதே வரியில் "ஓஐபி" என்று இன்னொரு புலம் வர வேண்டும், அதுதான் உண்மையில் வந்த இடம். அது வராவிட்டால் "ஜிம்ப்ரா மெயில் டிரஸ்டட் ஐபி" என்ற அமைப்பில் ப்ராக்ஸியின் ஐபியைச் சேர்த்து, மெயில்பாக்ஸ் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.

இதைச் செய்யாமல் ஃபெயில்2பேன் போட்டுவிடாதீர்கள். ஃபில்டர் "ஐபி" புலத்தைப் படிக்கும், ஐந்து தோல்வி ஆனதும் உங்கள் சர்வரையே தடை செய்யும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மெயில் நிற்கும். காரணம் தேடினால் நெட்வொர்க் பிரச்சினை மாதிரியே இருக்கும். ஆடிட்ஸ்வாட்சிலும் அதே கதை: ஊரில் உள்ள எல்லாத் தோல்வியும் ஒரே ஐபி கணக்கில் சேர்ந்து 20-ஐ எளிதாகத் தாண்டும்.

வில்லியனூர்_அட்மின்

நாங்கள் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், வெப் மெயிலுக்கு ரவுண்ட்கியூப். ஜிம்ப்ரா இல்லாதவர்களுக்காகச் சில குறிப்புகள்.

முதலில், வெற்றி லாகினுக்கெல்லாம் மெயில் வைத்தால் அதுவும் வெள்ளம்தான். ஒரு கைப்பேசியே ஐமேப்பில் (மெயில் படிக்கும் வழி) நாள் முழுக்க இணைந்து இணைந்து விலகும். டவ்காட் லாக்கில் ஒவ்வொன்றும் "லாகின்" என்று தனி வரி, அதில் "ரிப்" என்ற புலத்தில் வெளி ஐபி. நாங்கள் செய்தது, ஒவ்வொரு பயனருக்கும் இதுவரை பார்த்த நெட்வொர்க்குகளைக் குறித்து வைக்கும் சின்னப் பட்டியல். அதில் இல்லாதது வந்தால் மட்டும் மெயில். ஐபியை அப்படியே குறித்தால் பயனில்லை, கைப்பேசி டேட்டாவில் அது மாறிக்கொண்டே இருக்கும். அந்த ஐபி எந்த நிறுவனத்தின் நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்ற ஏஎஸ் எண்ணைக் குறித்தால் பட்டியல் சில வாரங்களில் நிலைத்துவிடும். ஒருவருக்கு வீட்டு பிராட்பேண்ட், கைப்பேசி, அலுவலகம், அவ்வளவுதான்.

அடுத்து, டெயில் கட்டளை (கோப்பின் கடைசி வரிகளைக் காட்டுவது). லாக்கைத் தொடர்ந்து படிக்க டெயிலுக்குச் சிறிய எஃப் போடுகிறவர்கள் அதிகம். லாக்ரொட்டேட் (லாக் கோப்புகளைச் சுழற்றும் நிரல்) வந்து பழைய கோப்பின் பெயரை மாற்றிப் புதிதாக ஒன்றைத் தொடங்கியதும், சிறிய எஃப் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ப்ராசஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கண்காணிப்புத் திரையில் பச்சைதான் காட்டும், ஆனால் ஒரு எச்சரிக்கையும் வராது. பெரிய எஃப் போட்டால் கோப்பின் பெயரைப் பின்தொடரும். நான் இடம் மாறிப் போன அலுவலகங்களில் "எச்சரிக்கை வருவதில்லை" என்று சொன்னால் முதலில் பார்ப்பதே இதைத்தான்.

ஆர்சிஸ்லாக் (லினக்ஸில் லாக் எழுதும் சேவை) வைத்திருந்தால் ஸ்கிரிப்டே வேண்டாம், ஓம்மெயில் என்ற மாட்யூல் குறிப்பிட்ட சொல் வந்ததும் மெயில் அனுப்பும். இத்தனை நொடிக்கு ஒருமுறை மட்டும் என்று கட்டுப்பாடும் வைக்கலாம். ஆனால் அந்த இடைவெளிக்குள் வருகிற மற்ற வரிகளைச் சேர்த்து வைத்து அனுப்பாது, விட்டுவிடும். தோல்விக்கு அது சரி. புது இட லாகினுக்கு வைத்தால் முதல் கணக்குக்கு மெயில் வரும், அடுத்த நிமிடம் திறந்த இரண்டாவது கணக்கு தெரியாமலே போய்விடும்.

நெல்லித்தோப்பு_டிரேடர்

இந்தியாவுக்கு வெளியே இருந்து லாகின் ஆனால் மெயில் என்று ஒரு விதி வைத்தால் இவ்வளவு குழப்பம் எதற்கு?

வெள்ளைநகர்_ஏற்றுமதி

கடலூரில் வேண்டுமானால் சரிப்படும், புதுச்சேரியில் ஓடாது. எங்கள் நிறுவனத்தில் பங்குதாரர் ஒருவர் வருடத்தில் பாதி நாள் பாரிஸில். கணக்குப் பிரிவில் ஒருவருடைய கணவர் பிரெஞ்சுக் குடியுரிமை, கோடை விடுமுறைக்கு மொத்தக் குடும்பமும் அங்கே. இந்த ஊரில் எந்த அலுவலகத்தைத் தட்டினாலும் இப்படி ஒருவர் இருப்பார். நாடு பார்த்து எச்சரிக்கை வைத்ததில் ஜூலை முழுக்க பிரான்ஸ், பிரான்ஸ் என்று வந்துகொண்டே இருந்தது. பிறகு பிரான்ஸை விலக்கினோம். அதுவும் தவறு, வாடகை சர்வர் நிறுவனங்கள் அங்கேயும் ஏராளம், தாக்குகிறவன் அங்கிருந்தும் வரலாம். இப்போது மேலே வில்லியனூர் நண்பர் சொன்ன மாதிரி ஆளுக்கு ஆள் நெட்வொர்க்தான். பாரிஸில் வீட்டு இணைப்பு தருகிற நிறுவனத்தின் எண்ணிலிருந்து பங்குதாரர் வந்தால் அமைதி. அதே பிரான்ஸில் ஒரு டேட்டா சென்டர் எண்ணிலிருந்து அவர் பெயரில் வந்தால் மெயில்.

இன்னொன்று, ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். ரெட்டியார்பாளையத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் திறந்தால் ஜியோஐபி (ஐபியை வைத்து ஊரை ஊகிக்கும் பட்டியல்) சென்னை என்றோ மும்பை என்றோ சொல்லும்.

கணக்குப்பிரிவு_அக்கா

நான் டெக்னிக்கல் ஆள் இல்லை, மெயில் படித்துப் பணம் அனுப்புகிற ஆள். அதனால் சொல்கிறேன். எங்களுக்குத் தெரிந்த ஒரு கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்தில் நடந்தது. உள்ளே வந்தவன் ஒன்றையும் அழிக்கவில்லை, அந்தக் கணக்கிலிருந்து ஒரு மெயிலும் அனுப்பவில்லை. "இன்வாய்ஸ்", "பேமென்ட்" என்ற சொல் இருக்கிற மெயிலெல்லாம் யாரும் திறக்காத ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்குப் போகும்படி ஒரு விதி மட்டும் போட்டான். நகல் வெளியே ஒரு முகவரிக்கு. அவ்வளவுதான். வாங்குகிறவர் "புது வங்கிக் கணக்கா?" என்று கேட்டு எழுதிய மெயில்கூட இங்கே யார் கண்ணிலும் படவில்லை. அதற்கு அவனே ஒரு எழுத்து மாறின டொமைனிலிருந்து "ஆமாம்" என்று பதில் போட்டுவிட்டான்.

நீங்கள் அனுப்புகிற எச்சரிக்கை மெயிலையும் கொஞ்சம் மனிதர்கள் படிக்கிற மாதிரி எழுதுங்கள் தம்பி. லாக் வரியை அப்படியே ஒட்டி அனுப்பினால் முதலாளி என்ன செய்வார்? "விற்பனைப் பிரிவுக் கணக்கில் இன்று 2.40-க்கு வெளி முகவரிக்கு ஃபார்வர்டு சேர்க்கப்பட்டது. நீங்கள் செய்யவில்லை என்றால் ஐடிக்குப் போன் செய்யுங்கள்" என்று தமிழில் இரண்டு வரி. லாக் வரி வேண்டுமென்றால் கீழே இருக்கட்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் 1930-க்கும் (சைபர் மோசடிப் புகார் எண்) வங்கிக்கும் அந்த நிமிடமே பேச வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அந்த நேரத்தில் யாரும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சிப்காட்_ஐடி (கடலூர்)

அக்கா சொன்னதைப் படித்ததும் உடனே ஃபார்வர்டுகளைப் பார்த்தேன். வெளியே போகிற முகவரி எதுவும் இல்லை. ஆனால் ஆடிட் லாக்கில் சோதனைக்காக ஒரு ஃபில்டர் விதி போட்டுப் பார்த்தால் அது பதிவாகவே இல்லையே? அட்மின் கன்சோலில் செய்கிற மாற்றம் வருகிறது.

லாசுப்பேட்டை_லினக்ஸ்

அட்மின் செய்வது ஆடிட் லாக்கில் வரும். பயனர் தன் வெப் மெயிலில் விதி மாற்றுவது மெயில்பாக்ஸ் லாக்கில் சோப் கோரிக்கையாக (வெப் மெயில் சர்வருக்கு அனுப்பும் கட்டளை) விழும், எந்தக் கணக்கு என்று தெரியும், என்ன மாற்றினான் என்று தெரியாது. ஆகவே லாக்கை மட்டும் நம்பாமல் நிலவரத்தையே ஒப்பிடுங்கள். மணிக்கு ஒருமுறை கிரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வசதி), எல்லாக் கணக்குகளுக்கும் ஃபார்வர்டு முகவரியையும் சீவ் ஸ்கிரிப்டையும் (ஃபில்டர் விதிகள் உள்ள கோப்பு) சீஎம்ப்ரூவ் என்ற ஜிம்ப்ரா கட்டளை மூலம் எடுத்து ஒரு கோப்பில் எழுதி, முந்தைய கோப்போடு டிஃப் (வேறுபாடு) பார்த்து, வேறுபாடு இருந்தால் மெயில். ஃபார்வர்டு முகவரி இரண்டு இடத்தில் இருக்கும்: பயனருக்குத் தெரிகிற விருப்ப அமைப்பு ஒன்று, அட்மின் மட்டும் வைக்கிற மறைவானது ஒன்று. நீங்கள் பார்த்தது முதலாவது மட்டும் என்றால் இரண்டாவதையும் பாருங்கள். அட்மின் கணக்கு போனால் அவன் அங்கேதான் வைப்பான்.

ஃபார்வர்டு செய்யும் வசதியே பயனர்களுக்குத் தேவையில்லை என்றால் சேவை வகுப்பில் (பல கணக்குகளுக்குப் பொதுவான அமைப்பு) அதை அணைத்துவிடலாம். அதற்கப்புறம் எச்சரிக்கை வந்தால் அது நிச்சயம் விஷயமானது.

வில்லியனூர்_அட்மின்

எங்கள் பக்கம் சீவ் கோப்புகள் டிஸ்கிலேயே இருப்பதால் லினக்ஸ் ஆடிட்டிடி (கோப்புகளில் நடப்பதைப் பதிவு செய்யும் சேவை) வைத்து அந்தக் கோப்புறையையும் போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்புக் கோப்புறையையும் கவனிக்கிறோம். எழுதுவதும் பண்பு மாற்றமும் மட்டும் போதும், படிப்பதை எண்ண வேண்டாம். ஒவ்வொரு விதிக்கும் ஒரு குறிச்சொல் கொடுத்துவிட்டால் பிறகு அதன் தேடல் கட்டளையான ஏயூசர்ச்சில் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடலாம்.

ஆடிட்டிடி அமைப்பில் "மெயில்" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு நிகழ்வு நடந்தால் அதுவே மெயில் அனுப்பும் என்று நினைக்கிறார்கள் பலர். அது டிஸ்கில் இடம் குறைந்தால் அனுப்புகிற மெயில் மட்டும்தான். நிகழ்வுக்கு வேண்டுமென்றால் லாக்கை வேறொன்று படித்து அனுப்ப வேண்டும்.

மஞ்சக்குப்பம்_நெட்

சரி, ஒப்புக்கொள்கிறேன், ஃபெயில்2பேன் மட்டும் போதாது. ஆனால் இதெல்லாம் எந்த முகவரிக்கு அனுப்புகிறீர்கள்? அதே சர்வரில் உள்ள அட்மின் முகவரிக்கா?

லாசுப்பேட்டை_லினக்ஸ்

கூடவே கூடாது. அட்மின் பெட்டிக்குள் நுழைந்தவன் எச்சரிக்கையையும் சேர்த்து அழித்துவிட்டுப் போவான். வெளியே வேறு சேவையில் ஒரு கணக்கு, அதற்கு எம்எஸ்எம்டிபி மாதிரி ஒரு சிறு நிரல் வழியாக 587 போர்ட்டில் நேராக அனுப்புங்கள். உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் க்யூவை (அனுப்பக் காத்திருக்கும் மெயில் வரிசை) தொடவே கூடாது. க்யூ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லும் மெயில் அதே க்யூவில் காத்திருந்து என்ன பயன்?

சுழற்சியும் அங்கேதான் தொடங்கும். மெயில் போகாமல் தங்கினால் எச்சரிக்கை அனுப்பு என்று விதி. எச்சரிக்கை மெயிலே தங்குகிறது. உடனே அதற்கு ஒரு எச்சரிக்கை. விடிவதற்குள் க்யூ முழுக்க எச்சரிக்கைகளாக இருக்கும்.

வெள்ளைநகர்_ஏற்றுமதி

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரை கடந்த இரவை நினைத்துப் பாருங்கள். கரண்ட் இல்லை, நெட் இல்லை, பாதி ஊர் தண்ணீரில். சர்வரிலிருந்து எச்சரிக்கை எதுவும் வரவில்லை, எப்படி வரும்? அதற்குப் பிறகு தினமும் காலை 8 மணிக்கு "உயிரோடு இருக்கிறேன்" என்று சர்வர் ஒரு மெயில் வெளிக்கணக்குக்கு அனுப்ப வேண்டும், 8.30-க்குள் வராவிட்டால் வெளியே உள்ள கண்காணிப்புச் சேவை கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் என்று மாற்றினோம். எச்சரிக்கை ஸ்கிரிப்ட் நின்றாலும் இதில் தெரியும், ஏனென்றால் அந்த மெயிலை அனுப்புவதும் அதே ஸ்கிரிப்ட்தான். டெயில் பிரச்சினையும் பிடிபடும்: கடைசியாகப் படித்த லாக் வரியின் நேரத்தை அதில் சேர்த்துவிடுங்கள். நேற்று இரவு 12 மணியிலேயே நின்றிருந்தால் உடனே தெரியும்.

தட்டாஞ்சாவடி_கிளவுட்

மைக்ரோசாஃப்ட் 365-இல் இருப்பவர்கள் இதில் பாதியைக் கட்ட வேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் மெயில்பாக்ஸ் ஆடிட் 2019 ஜனவரி முதல் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது. ஃபார்வர்டு விதி உருவானால் எச்சரிக்கை அனுப்பும் கொள்கையும் தயாராக உண்டு. ஆனால் அது டெனன்ட் அட்மின்களுக்கு (நிறுவனத்தின் 365 கணக்கு முழுவதையும் நிர்வகிப்பவர்கள்) போகும். நம் ஊர் நிறுவனங்களில் டெனன்ட் அட்மின் யார்? லைசென்ஸ் வாங்கித் தந்த வெண்டார் திறந்த ஒரு கணக்கு, அதன் இன்பாக்ஸை யாரும் பார்ப்பதே இல்லை. இன்றே உள்ளே போய் எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்று பார்த்து, படிக்கிற ஆளின் முகவரியை வையுங்கள்.

லாக் எவ்வளவு நாள் இருக்க வேண்டும் என்று யாரும் பேசவில்லையே. செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி எல்லா ஐடி அமைப்புகளின் லாக்கையும் 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட வகை ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பெரிய நிறுவனம் மட்டும் இல்லை, கம்பெனி என்று பதிவு செய்த எல்லோருக்கும் பொருந்தும். டெபியனில் மெயில் லாக் வாரம் ஒருமுறை சுழன்று நான்கு வாரம்தான் நிற்கும். லாக்ரொட்டேட்டில் மாற்றாவிட்டால் ஐந்தாவது வாரம் விசாரிக்க வருகிறவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. முடிந்தால் இன்னொரு பெட்டிக்கு ஆர்சிஸ்லாக் மூலம் நகல் அனுப்புங்கள், உள்ளே வந்தவனால் அதை அழிக்க முடியாது.

கணக்குப்பிரிவு_அக்கா

6 மணி நேரம் என்றால் எப்போதிலிருந்து?

தட்டாஞ்சாவடி_கிளவுட்

கவனத்துக்கு வந்த நேரத்திலிருந்து, அக்கா. அதனால்தான் கடிகாரம் முக்கியம். அதே உத்தரவு நேரத்தை என்ஐசி அல்லது என்பிஎல் (இரண்டும் மத்திய அரசு நிறுவனங்கள்) நடத்தும் என்டிபி சர்வரோடு, அதாவது நேரம் தரும் சர்வரோடு, ஒத்திசைக்கச் சொல்கிறது. சர்வர் யூடிசியில் (நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) ஓடினால் லாக்கில் இரவு 9.10 என்று இருக்கும். அட, யாரோ வீட்டிலிருந்து மெயில் பார்த்திருக்கிறார்கள் என்று விட்டுவிடுவோம். நம் நேரப்படி அது அதிகாலை 2.40. எச்சரிக்கை மெயிலிலாவது இந்திய நேரத்துக்கு மாற்றிக் காட்டுங்கள்.

சிப்காட்_ஐடி (கடலூர்)

எல்லோருக்கும் நன்றி. நிலவரம் இது. டிரஸ்டட் ஐபி சேர்த்ததும் ஓஐபி வர ஆரம்பித்துவிட்டது. பழைய ஸ்கிரிப்ட் நின்றது, ஆடிட்ஸ்வாட்ச் ஓடுகிறது, மொத்த எண்ணிக்கையை 100-இல் வைத்திருக்கிறேன். மணிக்கொரு டிஃப் ஓடுகிறது. மறைவான ஃபார்வர்டில் ஒரு முகவரி இருந்தது: வேலையை விட்டுப் போன ஒருவரின் சொந்த மெயில், முந்தைய நிர்வாகம் வைத்தது போல. முதலாளியிடம் காட்டி எடுத்துவிட்டேன். புது நெட்வொர்க் லாகின் எச்சரிக்கை இப்போது ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோதான், அவரும் படிக்கிறார்.

ஒரு தொல்லை மட்டும் பாக்கி. யாராவது கடவுச்சொல் மாற்றினால் அவருடைய கைப்பேசி பழையதையே வைத்துக்கொண்டு விடாமல் தட்டுகிறது, ஒரே ஐபி ஒரே கணக்கு 10 தாண்டி மெயில் வந்துவிடுகிறது. இதை எப்படித் தவிர்ப்பது? எண்ணை உயர்த்தலாமா?

வில்லியனூர்_அட்மின்

உயர்த்த வேண்டாம். அந்த மெயிலில் உள்ள ஐபியை உங்கள் நெட்வொர்க் பட்டியலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அவர் வழக்கமாக வருகிற நெட்வொர்க், கடவுச்சொல்லும் 24 மணி நேரத்துக்குள் மாறியிருக்கிறது என்றால், முதலாளிக்குப் பதில் அந்தப் பயனருக்கே "உங்கள் கைப்பேசியில் பழைய கடவுச்சொல் இருக்கிறது, மாற்றுங்கள்" என்று போகட்டும். கடவுச்சொல் கடைசியாக மாறிய நேரம் ஜிம்ப்ராவில் கணக்கின் பண்பாகவே இருக்கிறது, சீஎம்ப்ரூவில் எடுக்கலாம். அது கிரீன்விச் நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறக்காதீர்கள்.